"இணை நோய் இருந்ததாம்"

யாராவது காய்ச்சல், சளி என்று படுத்து இறந்துபோனதாகச் சொன்னால், அடுத்த வரி தயாராக வரும்: "அவருக்கு இணை நோய் இருந்ததாம்." கேட்டவர் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இணை நோய் என்றால் ஏற்கெனவே உடம்பில் இருக்கும் வேறு நோய். அதை ஏதோ அபூர்வ வியாதி என்று நினைப்பு. சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிகரெட்டில் கெட்டுப்போன நுரையீரல், சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதில்தான் வரும். 65 வயது தாண்டிவிட்டால் வேறு நோயே வேண்டாம், வயது போதும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். இதில் ஒருவர்கூட இல்லாத வீடு எது?

உடல் பருமனை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவே தனி ஆபத்து என்பது 2009 பன்றிக்காய்ச்சலின்போது பளிச்சென்று தெரிந்தது. வயிற்றுக் கொழுப்பு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். படுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. சர்க்கரையோ இரண்டு பக்கமும் அடிக்கும். தொற்று வந்தால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை வெள்ளை அணுக்களை மந்தமாக்கும்.

இதெல்லாம் தெரிந்த நானே கோட்டை விட்டேன். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு நாளாக லேசான இருமல். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. வெறும் சளிதானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை கட்டிலில் உட்கார்ந்து ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "என்னம்மா பண்றே?" என்றேன். "இன்னும் நிறைய கிடக்குடா" என்றார். இருந்தது அந்த ஒரு துண்டுதான்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 88. ரொம்பக் குறைவு.

இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ. வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே நோய் முற்றலாம், திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்றார் மருத்துவர். வைரஸுக்கான மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அந்த 48 மணி நேரத்தை வீட்டிலேயே தொலைத்திருந்தேன். அம்மா பிழைத்தார், ஆனால் பத்து நாள் ஆக்சிஜன்.

என்னைக் கேட்டால், இணை நோய் என்ற சொல் இறந்தபிறகு காரணம் சொல்ல இல்லை. இருமல் தொடங்கிய அன்றே, மற்றவர்களைவிட இரண்டு நாள் முன்னதாக, மருத்துவரிடம் ஓடுவதற்குத்தான் அது பயன்பட வேண்டும்.

சரி, எந்த நோயும் இல்லாதவர் தப்பித்துவிடுவாரா? 1918 ஃப்ளூ கொள்ளைநோயில் 20 முதல் 40 வயதுக்குள் இருந்த திடகாத்திரமானவர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். கொரோனா முற்றிய சிலருடைய உடம்பில், வைரஸை எதிர்க்க உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தது 2020இல் தெரியவந்தது. அப்படி ஒன்று தங்களுக்குள் இருப்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது.

இப்போது வருடா வருடம் அம்மாவும் நானும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். தம்பி மட்டும் "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு" என்கிறான். அம்மா தூங்குவது அவன் அறைக்கு அடுத்த அறையில்.