யானைக்காலும் ஒரு வாளித் தண்ணீரும்

பூச்சிக்கடியால் பரவும் புழுநோய்களைப் பற்றிய செய்தி எப்போது கண்ணில் பட்டாலும், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது என்ற கணக்குதான் அதில் முதல் வரியாக இருக்கிறது. அந்தக் கணக்கு பொய்யுமன்று, சிறியதுமன்று. ஆனால் அந்த மாத்திரையை விழுங்கியவர்களில் ஏற்கெனவே கால் வீங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய கால் அதனால் வடிந்துவிடப் போவதில்லை என்பதையும் அந்தச் செய்திகள் சொல்வதில்லை. நோயை ஒழிப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் நோயாளியை மறந்துவிட்டோம் என்ற குறை நெடுநாளாக என் மனத்தை உறுத்துகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யானைக்கால் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவது வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் புழுவால். நூல் போன்ற இந்தப் புழு, மனிதரின் நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வரை குடியிருந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகிறது. பெரும்பாலான இடங்களில் அந்த நுண்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, இரவு 10 மணிக்கு மேல், கொசு கடிக்கும் நேரம் பார்த்துத் தோலுக்கு அருகே வருகின்றன. இதனால்தான் பல காலம் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் அடங்கிய பிறகு வீடு வீடாகச் சென்று, உறங்குபவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. பகலிலேயே சோதிக்க உதவும் பட்டைகள் இப்போது வந்துவிட்டன.

இந்தப் புழுவின் பயணத்தைக் கொசுவுக்குள் தேடிப் பார்த்தவர் பேட்ரிக் மேன்சன். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய அவர், நுண்புழு இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்களிடையே உறங்கவைத்து, இரத்தம் குடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் உடலில் புழு வளர்வதைக் கண்டறிந்தார். அதன் பின், கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் பரவுகிறது என்று தவறாகவும் எண்ணினார். அது வேறு கதை. மேன்சனை வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை என்று இன்றும் போற்றுகிறோம். கடிபட்டுக் கிடந்த தோட்டக்காரருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. நோயாளியை மறக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டதோ என்று சில நேரம் தோன்றும்.

கொசு ஒருமுறை கடித்ததும் யானைக்கால் வந்துவிடுவதில்லை. கடிக்கும்போது கொசு இளம்புழுவைத் தோலின் மேல்தான் விட்டுச் செல்கிறது. அது கடிவாய் வழியே தானே ஊர்ந்து உள்ளே போக வேண்டும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட்டால்தான் நோய் வேர்பிடிக்கும் என்பதால், வந்துபோகும் பயணியை இது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வலையில்லாத வீட்டில், நீர் தேங்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஆயுள் முழுவதும் உறங்க வேண்டியவரைப் பிடித்துக்கொள்கிறது.

மாத்திரைக்கு எதிராக நான் எழுதவில்லை. டி.இ.சி., ஆல்பென்டசோல், ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகள், ஒவ்வோரிடத்துக்கும் ஏற்ற சேர்க்கையில், இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களைத் துடைத்துவிடுகின்றன. தாய்ப்புழுவை முற்றாகக் கொல்லாததால், இரண்டு மருந்துச் சேர்க்கையை ஆண்டுக்கு ஒருமுறையாகக் குறைந்தது 5 ஆண்டுகள், மக்கள்தொகையில் 65 விழுக்காட்டினராவது உட்கொள்ள வேண்டும். நலமாக இருப்பவருக்கு எதற்கு மாத்திரை என்று கேட்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது: வெளியே எந்த அடையாளமும் இல்லாதவரின் இரத்தத்திலிருந்துதான் கொசு புழுவை எடுத்துச் செல்கிறது. மாத்திரை போட்டதும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன என்று அஞ்சி அடுத்த ஆண்டு மறுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது உடலில் செத்துக்கொண்டிருக்கும் புழுக்களால் வருவது. அதாவது மாத்திரை யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் அது கூடுதலாகத் தொல்லை கொடுக்கும். இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதி வதந்தி கிளம்பியிருக்காது. இந்த வழியில் நடந்துதான் இலங்கை 2016இலும் டோகோ 2017இலும் யானைக்கால் நோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என்ற உலகச் சுகாதார அமைப்பின் ஏற்பைப் பெற்றன.

வீங்கிய காலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். புழு நிணநீர்க் குழாயைச் சிதைத்த பிறகு, புழுவே செத்துப்போனாலும் அந்தக் குழாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தேங்கிய நீரால் தோல் தடித்து மடிப்பு விழுகிறது. கால்விரல் இடுக்குகள் ஈரத்தில் ஊறி வெடிக்கின்றன. அந்த வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாவால் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் அடித்து, கால் சிவந்து கொதிக்கிறது. அப்படி வரும் ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் பெருக்க வைத்துவிட்டுப் போகிறது. ஆகவே, யானைக்கால் ஆண்டுக்காண்டு பெரிதாவதற்குப் புழுவைவிட இந்தக் கிருமிகளே மிகுதியான காரணம் என்ற ஒரு செய்தியை நோயாளிகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

கிருமியைத் தடுக்கச் சோப்பும் தண்ணீரும் போதும். சூடில்லாத சுத்தமான தண்ணீரில் சோப்பை நுரைக்க விட்டு, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தித் தேய்க்காமல் கழுவ வேண்டும். மடிப்புகளை விரலால் விலக்கி, உள்ளே உள்ள அழுக்கை மெல்லிய துணியால் எடுக்க வேண்டும். பிறகு, சோப்பின் வழவழப்பு போகும்வரை நீர் ஊற்றி, ஒவ்வொரு விரல் இடுக்கிலும் துணியின் முனையைச் செருகி ஒற்றியெடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் கழுவியதன் பயன் பாதி வீண். வெடிப்பு தெரிந்தால் களிம்பு. உட்காரும்போதும் உறங்கும்போதும் கால் உயரத்தில் இருக்கட்டும். கணுக்காலை அவ்வப்போது மடக்கி நீட்ட வேண்டும். இதைத் தினமும் செய்பவருக்குக் காய்ச்சல் வரும் தடவைகள் குறைகின்றன. நாற்றமும் நீங்குவதால் மனிதர்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. தன் பாதத்தைத் தானே எட்ட முடியாத முதியவருக்கு, குடிக்கும் தண்ணீரையே தொலைவிலிருந்து சுமந்து வரும் வீட்டில், தினம் ஒரு வாளி இதற்கென ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் இவ்வாறு கால் கை வீங்கியவர்கள் 1.5 கோடிக்கு மேல். ஓதம் வந்த, அதாவது விதைப்பையில் நீர் தேங்கி வீங்கிய ஆண்கள் 2.5 கோடி. ஓதத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம் என்பது தெரிந்தும், வெட்கத்தால் வெளியே சொல்லாமல், பணத்துக்கும் வழியில்லாமல், வேலையையும் மணவாழ்வையும் இழந்தவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

வேகமாக ஓடும் ஆறுகளில் முட்டையிடும் சிமுலியம் என்ற கரிய சிறு ஈக்களால் பரவும், பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு என்னும் புழுநோயிலும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் வளமான ஆற்றங்கரைகளை விட்டே மக்கள் ஓடினார்கள். 1974இல் தொடங்கி 2002 வரை ஹெலிகாப்டரிலிருந்து ஆறுகளில் அந்த ஈக்களை ஒழிக்கப் பூச்சிமருந்து தெளித்தார்கள். 1987 முதல் ஐவர்மெக்டின் இலவசமாகக் கிடைத்தது. எடைபார்க்கும் கருவி இல்லாத ஊர்களில், அளவு குறித்த ஒரு கோலின் பக்கத்தில் ஆளை நிறுத்தி, உயரத்தைப் பார்த்தே மாத்திரையின் எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். அந்தக் கோலை நினைத்து நான் வியக்காத நாளில்லை. 2025 ஜனவரியில் நைஜர், ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக, இந்த நோயின் பரவலை நிறுத்திய நாடு என்ற ஏற்பைப் பெற்றது. இழந்த பார்வையை அந்த மருந்து திருப்பித் தராது. ஜெனீவாவில் உலகச் சுகாதார அமைப்பின் வளாகத்தில், கண் தெரியாத பெரியவரைக் கோல் பிடித்து அழைத்துச் செல்லும் சிறுவனின் சிலை நிற்கிறது. கைவிடப்பட்டவருக்குச் சிலை கிடைத்திருக்கிறது.

காகிதத்தில் எல்லாமே இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். யானைக்கால் நோய்க்கான உலகத் திட்டம் 2000இல் தொடங்கியபோதே பரவலை நிறுத்துவது, பாதிக்கப்பட்டவரின் துன்பத்தைக் குறைப்பது என்று இரண்டு குறிக்கோள்களை வைத்தது. ஏற்புக்கு விண்ணப்பிக்கும் நாடு, நோயாளிகளின் எண்ணிக்கையையும் அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கும் இடங்களையும் காட்ட வேண்டும். ஆனாலும் மாத்திரை ஒரே நாளில் கொடுத்து முடிக்கக்கூடியது, படம் பிடிக்கக்கூடியது. கால் கழுவுவது நாள்தோறும் வீட்டுக்குள் நடப்பது. பணமும் ஆட்களும் எந்தப் பக்கம் போவார்கள் என்பதில் வியப்பில்லை. மாத்திரை கொடுக்க வருகிற அதே பணியாளர் வீங்கிய கால் உள்ள வீட்டில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து ஒருமுறை கழுவிக் காட்டட்டும், அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி கொடுக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யானைக்கால் உள்ளவர் இருந்தால், இன்று மாலை ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு, அவர் அனுமதியோடு, சுண்டுவிரல் இடுக்கை மட்டும் விரித்துப் பாருங்கள். வெடிப்பு அநேகமாக அங்கேதான் இருக்கும்.