ஷீட்ட உடைக்காதீங்கன்னுதான் சொன்னேன்

ஊரு ஸ்கூல்ல பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைய உடைச்சு எடுத்தது தப்புன்னு நான் போட்ட போஸ்ட்டுக்கு வந்த கமெண்ட் எல்லாத்தையும் படிச்சேன். "படிச்ச திமிரு", "ஊருக்கு நல்லது நடந்தா பொறுக்காதே". நன்றி. கூரைய மாத்தாதீங்கன்னு நான் எங்கயாவது சொன்னேனா? மாத்துங்க, சந்தோஷம். உடைக்காதீங்கன்னுதான் சொன்னேன். புள்ளைங்க கிளாஸ்ல இருக்குறப்பவே சம்மட்டியால அடிச்சு, தூள் பறக்கப் பறக்க கீழ தள்ளி, அப்புறம் ரெண்டு அக்காவ விட்டு வெறும் தொடப்பத்தால கூட்ட வச்சீங்களே, அதத்தான்.

தண்ணி தெளிச்சு நனைச்சு, போல்ட்டக் கழட்டி, முழு ஷீட்டா இறக்கி, பாலித்தீன்ல சுத்தணும். வேலை செய்றவருக்கு நல்ல மாஸ்க், கர்ச்சீப் இல்ல. இதுக்கென்ன கோடியா ஆகும்?

"நாப்பது வருஷமா இதுக்குக் கீழதான் படுக்குறோம், ஒன்னும் ஆகல." அண்ணே, முழு ஷீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் நாரு சிமெண்ட்டோட இறுகிக் கெடக்கும், அறுத்தா உடைச்சாதான் நெறைய கெளம்பும். நுரையீரலுக்குள்ள போன நாரு லேசுல வெளிய வராது, நோய் வர்றதுக்கே இருபது முப்பது வருஷம் ஆகும். சுப்ரீம் கோர்ட் 1995ல ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிங்க ஹெல்த் ரெக்கார்ட 40 வருஷமாவது வச்சிருன்னு சும்மாவா சொல்லுச்சு? "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சேஃப்"ன்னு லிங்க் போட்ட தம்பி, எல்லா வகையுமே புத்துநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உன் லிங்க எழுதுனது யாருன்னு பாத்தியா?

எங்க சித்தப்பா ஷீட் போடுற வேலைதான். கட்டிங் மெஷின்ல அறுத்துட்டு வந்தா புருவம் கூட வெள்ளையா இருக்கும், மாவு மில்லு வந்துருச்சுன்னு சிரிப்போம். அந்தச் சட்டைய சித்தி வாசல்ல உதறுவாங்க. ஒடஞ்ச துண்டுகள நாங்க போகி நெருப்புல போட்டு, டப்பு டப்புன்னு வெடிக்கிறதப் பாத்து கைதட்டுவோம். கடைசி காலத்துல நாலு படி ஏற முடியல மனுஷனுக்கு. ரெண்டு தடவ டிபி மாத்திரை குடுத்தாங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அதுதான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது, தெரியும், அதையும் கமெண்ட்ல எழுதிடாதீங்க.

"அப்போ ஏழைங்க ஓலைக்கே போகணுமா?" இது நியாயமான கேள்வி. ஓலை பத்திக்கும், தகரம் கொதிக்கும், காங்கிரீட்டுக்குக் காசில்ல. என்கிட்ட பதில் இல்லங்க. ஆனா ஏழை வீட்டுக் கூரைய வச்சு யார் வியாபாரம் பண்றாங்கன்னும் பாருங்க. இலங்கை 2018லேர்ந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதிக்குத் தடைன்னுச்சு. 2017 டிசம்பர்ல, வண்டு இருக்குன்னு சொல்லி, ஆஸ்பெஸ்டாஸ் விக்கிற ரஷ்யா இலங்கைத் தேயிலைய நிறுத்திடுச்சு. அப்புறம் என்ன, தடை தள்ளிப்போச்சு, மாசம் முடியறதுக்குள்ள தேயிலைக்கும் வழி விட்டாச்சு. வண்டு எங்க போச்சோ. கனடா வருஷக்கணக்கா நமக்கு வித்துட்டு 2018ல தன் நாட்டுல தடை போட்டுக்கிச்சு. நம்ம புள்ளைங்க நுரையீரல் மட்டும் என்ன ரப்பரா?

நேத்து சாயந்திரம் பக்கெட் எடுத்துட்டுப் போய் ஸ்கூல்ல கெடக்குற அந்த ஒடஞ்ச ஷீட் குவியல் மேல, தூள் பறக்காம இருக்க நானே தண்ணி ஊத்திட்டு வந்தேன். அதையும் யாரோ போட்டோ எடுத்து, சிரிக்கிற எமோஜி போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்களாம். வைங்க. இன்னிக்கும் ஊத்தப் போறேன்.