மட்டிக்குலையும் டிபன் பாக்ஸும்

குமரி மாவட்டத்தின் மேற்கே ஒரு சின்ன ஜங்ஷனில் எனக்குப் பாத்திரக்கடை. போன வாரம் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், இரண்டு சிஸ்டர்கள் வந்தார்கள். யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். இளையவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள். மே 12 செவிலியர் தினம் வருகிறது, விழா வைக்கிறோம், கடைக்காரர்கள் எல்லாரும் ஏதாவது ஸ்பான்சர் செய்கிறார்கள், உங்கள் கடைக்கு நாற்பது டிபன் பாக்ஸ் எழுதியிருக்கிறோம் என்றார் மூத்தவர். தாளை விரித்துக் காட்டினார்கள். ஜவுளிக்கடைக்கு நேரே சேலை, பேக்கரிக்கு நேரே கேக், ஓட்டலுக்கு நேரே பிரியாணி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சை மையில் டிக் விழுந்திருந்தது.

"மூணு தட்டு வேண்டாம்ண்ணே, ரெண்டு தட்டு போதும்" என்றார் மூத்தவர். என் கைக்குச் சுமை குறையட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த இளைய சிஸ்டர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக்குச் சொல்றேன் சிஸ்டர் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது டிபன் பாக்ஸ் கொடுத்தால் நான் தெருவுக்கு வந்துவிடப் போவதில்லை. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் கொடுக்கிற கடைதான் இது. என்னைப் புரட்டிப் போட்டது வேறு. என் அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. மாதாமாதம் இந்த சிஸ்டர்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். எண்பதை நெருங்கும் அந்தக் கையில் நரம்பைத் தேடி நாலு இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். ஒரே குத்தில் ரத்தம் எடுப்பது அந்த இளைய சிஸ்டர் ஒருவர்தான். இப்போது நான் இல்லை என்று சொன்னால்? சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன். கடை வைத்திருக்கிற, நாலு பேரிடம் பேசத் தெரிந்த எனக்கே இந்தப் பயம் என்றால், லுங்கியும் கையுமாக வார்டு வாசலில் நிற்கிற ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கு என்ன பயம் இருக்கும்?

நான் சொல்ல வருவது இதைத்தான். நோயாளியிடமும் நோயாளியின் வீட்டுக்காரரிடமும் மருத்துவ ஊழியர் எதையும் கேட்கக் கூடாது. அன்பளிப்பு என்ற பெயரில் கேட்டாலும் கூடாது, விழா என்ற பெயரில் கேட்டாலும் கூடாது. நாளைக்கே ஊசியோடு எதிரே நிற்கப்போகிற ஒருவரிடம் மனதார "இல்லை" சொல்ல யாராலும் முடியாது. இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்கியதை அன்பளிப்பு என்று எப்படிச் சொல்வது?

இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த எண்ணம் இல்லை. 1997-இல் அப்பா தென்னையிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எது என்று சொல்லப் போவதில்லை, அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இன்று அங்கே இல்லை. வார்டிலிருந்து எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு நீளமான ஒரு வராந்தா. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பாதி வழியில் நிறுத்தினார். "சாயாக் காசு ஏதாவது பாத்துத் தாங்கோ" என்றார். சத்தமாகக்கூட கேட்கவில்லை. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், தோடு உடைக்கிற வேலை பார்த்தவள். விரல் நுனியெல்லாம் அண்டிப்பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். முந்தானை முடிச்சை அந்த விரலால் அவிழ்க்க முடியாமல் தவித்தாள். கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதுவரை அவர் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கண்ணை மூடி முனகிக்கொண்டு கிடந்தார். பத்து ரூபாய். திரும்பி வரும்போது இன்னொரு பத்து. மறுநாள் அம்மாவிடம் சில்லறை இல்லை, ஐம்பது ரூபாய்த் தாள்தான் இருந்தது. அதை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தள்ளிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் பஸ்ஸில் போகாமல் வீட்டுக்கு நடந்தோம்.

அதே வார்டில் ராத்திரி டியூட்டிக்கு ஒரு சிஸ்டர் வருவார். வலி பொறுக்காமல் அப்பா கத்தினால் ஓடி வந்து தலையணையைச் சரிசெய்வார். நான் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பேன், "மக்ளே, சாப்பிட்டியா?" என்று ஒருநாளும் கேட்காமல் போனதில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு மட்டி வாழைக்குலை வெட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சின்ன மஞ்சள் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குலைதான். சிஸ்டர் முதலில் வேண்டாம் என்றார். அம்மா விடவில்லை. அப்புறம் ஒரே ஒரு சீப்பைப் பிய்த்து மேசையில் வைத்துக்கொண்டு, மீதியை என்னிடம் தந்து, "வார்டுல எல்லாருக்கும் குடு மக்ளே" என்றார். நான் கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரும் ஒரு பழம் எடுத்துக்கொண்டார்.

ஒரே வார்டில், ஒரே வாரத்தில், ஒரே அம்மாவின் கையிலிருந்து போனவை அந்த ஐம்பது ரூபாயும் அந்த மட்டிக்குலையும். பழத்தைத் தந்துவிட்டு வந்த நாளை அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வாள். ஐம்பது ரூபாயைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

பிரசவ வார்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று வாங்குகிற வழக்கம் உங்களில் பலருக்கும் தெரியும். என் மகள் பிறந்தபோது துணியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டிய வார்டு ஆயா, "பொம்பளப் பிள்ளதானே, இருநூறு தாங்க, போதும்" என்றார். பிறந்து அரைமணி நேரம்கூட ஆகாத பிள்ளைக்கு விலையைக் குறைத்துச் சொன்ன அந்தச் சொல் பதினான்கு வருடமாக என் நெஞ்சில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைக்குப் பதினாறு பொருள் கொண்ட பெட்டகம் 2015 முதல் கொடுத்தார்கள். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. பணம் இல்லாததால் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும். அந்தப் பெண் படியேறி வந்த பிறகு வார்டு வாசலில் ஒரு கை நீள்கிறது.

சரி, அந்தக் கைக்காரரின் பக்கத்தையும் பேச வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. சுத்தம் செய்கிறவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் பலரும் ஒப்பந்த ஆட்கள். காண்டிராக்டர் பிடித்தது போகக் கையில் வருவது கொஞ்சம். தேர்வு எழுதி, தேர்வு வாரியம் வழியாக 2015-இல் வேலைக்கு வந்த செவிலியர்களுக்கே மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த பிள்ளை இல்லாத தெரு ஏது? கடன் வாங்கிப் படித்துவிட்டு, தனியார் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளத்துக்கு நைட் டியூட்டி பார்த்து, கடைசியில் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிற பிள்ளைகள். தனியார் ஆஸ்பத்திரி செவிலியர் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் பரிந்துரை செய்தது. அது எத்தனை ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே சம்பளம் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். அரசாங்கத்திடம் கேளுங்கள், காண்டிராக்டரிடம் கேளுங்கள், ஆஸ்பத்திரி முதலாளியிடம் கேளுங்கள். நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நீங்கள் உட்கார்ந்தால் கடையை அடைத்துவிட்டு நானும் வந்து உட்காருவேன். ஆனால் கூலி கொடுக்காத முதலாளியின் கடனை, அண்டி உடைக்கிற ஒரு பெண்ணின் முந்தானையிலிருந்து வசூலிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 ஊழல் தடுப்புச் சட்டப்படி அரசு ஊழியர் தன் வேலையைச் செய்ய முறையற்ற ஆதாயம் வாங்குவது குற்றம்; மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறை. 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் தப்பலாம். ஏழாம் நாள் பச்சை உடம்போடு கிடக்கிற பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் எந்த ஆபீஸைத் தேடிப் போவான்? டாக்டர்கள் மருந்துக் கம்பெனியிடம் பரிசு வாங்கக் கூடாது என்று 2009-இலேயே மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. கம்பெனி பரிசு தந்தால் டாக்டர் சீட்டில் எழுதுகிற மருந்து மாறிவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். நோயாளியிடம் வாங்கினாலும் அதே பயம்தான். கொடுத்தவருக்கு ஒரு கவனிப்பு, கொடுக்காதவருக்கு ஒரு கவனிப்பு என்று ஆகிவிடும்.

என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். 2020 மார்ச் 26 தொடங்கி வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அங்கே சனங்கள் வாசலில் நின்று மருத்துவ ஊழியர்களுக்காகக் கைதட்டினார்கள். கடைகள் அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கின, சலுகை கொடுத்தன. முதல் வியாழக்கிழமை அழுதுவிட்டேன் அண்ணே என்றாள். கொஞ்ச நாளில், கூட வேலை பார்த்த ஒன்றிரண்டு பேர் அடையாள அட்டையைக் காட்டி, "எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று தாங்களே கேட்க ஆரம்பித்தார்களாம். பக்கத்தில் நிற்கவே எனக்கு உடம்பு கூசியது என்றாள். அங்கே செவிலியர் நடத்தை விதியிலேயே, மிக அற்பமான பொருளைத் தவிர வேறு எந்தப் பரிசையும் மறுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாங்கினால், தனிக் கவனிப்புக்காகத் தந்ததாக ஆகிவிடுமாம். நோயாளியிடம் கடன்கூடக் கேட்கக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய் அந்த விதிப்படி மரியாதையாக வேலை செய்கிறார்கள். இங்கே அது ஏன் முடியாது?

கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்காகக் கேட்பது என்றால் அதற்கு நம் மாவட்டத்தில் பெரிய வரலாறே உண்டு. நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷனரி சங்கத்து டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி நிலைத்தது ஊர் உலகமெல்லாம் கேட்டு வாங்கிய காணிக்கையில். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த டாக்டர் சோமர்வெல், இங்கே வந்து நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு நெய்யூரிலேயே பல வருடம் அறுவை சிகிச்சை செய்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் சிதைந்தபோது பாய் கொண்டா, துணி கொண்டா, ரத்தம் கொடு என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து கேட்டார்கள். ஊரே எடுத்துக்கொண்டு ஓடியது. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோதும் அப்படித்தான். கொரோனா காலத்தில் டியூட்டியில் இருந்தவர்களுக்கு எங்கள் ஜங்ஷனிலிருந்து சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். யாரும் கேட்டு அதைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு சிஸ்டர்களும் மறுபடி வந்தார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. டிபன் பாக்ஸ் தர எனக்கு மனம் ஒப்பவில்லை சிஸ்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன். பிரசவ வார்டுக்கு வெளியே ராத்திரி முழுக்க நின்று கால் கடுக்கிறவர்களுக்கு உட்கார பெஞ்ச் இல்லை, பெரிய டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் தந்தால் நாலு இரும்பு பெஞ்ச் நான் செய்து போடுகிறேன், என் பெயர்கூட எழுத வேண்டாம் என்றேன். மூத்தவர் முகம் சுருங்கிவிட்டது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம் தந்துவிட்டார்களே என்று முணுமுணுத்தபடி வெளியே இறங்கினார்.

இளையவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "என்னைப் போகச் சொன்னாங்க, வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். படி இறங்கியவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"புதன்கிழமை அம்மாவ வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கண்ணே. நான் டியூட்டியிலதான் இருப்பேன்."