பெயரைப் பார்த்து டிஸ்க் வாங்காதீர்கள், பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்

மொரீஷியஸில் பழைய படங்களையும் கலைப்படங்களையும் டிஸ்க்காகச் சேர்த்து வைக்கும் தமிழ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது ஒன்றுதான்: படத்தின் பெயர் மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். "அந்தப் படம் இருக்கா?" "இருக்கு." அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, எத்தனை நிமிடம் ஓடுகிறது, படச்சட்டம் (ஃபிரேம்) முழுதாக இருக்கிறதா, நம் பிளேயரில் ஓடுமா, சப்டைட்டில் எந்த மொழியில் என்று கேட்காமல் வாங்கினால், ஒரே பெயரில் முற்றிலும் வேறொரு பொருள் வீட்டுக்கு வந்து சேரும்.

சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் லேப் தீப்பிடித்தபோது அவற்றின் மூல நெகட்டிவ்களும் கருகின. எஞ்சிய சுருள்களை ஆஸ்கார் விருது தரும் அமெரிக்க அகாடமியின் ஆவணக் காப்பகம் வீசிவிடாமல் வைத்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து, பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை இத்தாலியில் பொலோன்யா நகரத்துச் சீரமைப்புக் கூடத்துக்கு அனுப்பியது. உலர்ந்து மொறுமொறுத்த பிலிமுக்கு மறுபடி ஈரம் ஏற்றினார்கள். ஓரத்துத் துளைகளைக் கையாலேயே சரிசெய்தார்கள். அந்தக் கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் ஆனது. முதல் படத்தில் 40 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மூன்றாவதில் மூலம் பயன்படும் நிலையில் இல்லை, வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். இந்த 4கே சீரமைப்பு 2015இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய டிவிடி எதுவானாலும், யார் வெளியிட்டதானாலும், இந்த வேலையின் பயன் அதில் இருக்காது. இருபது யூரோ கொடுக்கும் முன் அட்டையின் பின்பக்கத்தில் எந்த ஆண்டுச் சீரமைப்பு, எந்த மூலப்பொருளிலிருந்து என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். நல்ல பதிப்பாளர்கள் அதை மறைப்பதில்லை. "டிஜிட்டலி ரீமாஸ்டர்டு" என்ற இரண்டு சொற்களை மட்டும் பெரிதாகப் போட்டு வேறு விவரமே தராத டிஸ்க்கை நான் நம்புவதில்லை.

அடுத்தது நீளம். தமிழ்ப் படங்களில் இதைச் சரிபார்க்க ஓர் அருமையான வழி இருக்கிறது, ஆனால் பலர் அதைக் கவனிப்பதில்லை. படம் தொடங்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். பிலிம் காலத்துப் படமானால் அதில் நீளம் மீட்டரில் இருக்கும், மிகப் பழைய படமானால் அடியில் இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,500 மீட்டர் என்றிருந்தால் படம் 164 நிமிடம். 15,000 அடி என்றால் 166 நிமிடம் 40 நொடி. டிஸ்க்கில் 140 நிமிடம்தான் வருகிறதா? பாட்டோ, நகைச்சுவைத் தடமோ, ஒரு முழு ரீலோ போயிருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடி, நொடிக்கு 24 சட்டங்கள் உள்ள படத்தை 25ஆக ஓட்டும். அதனால் நேரம் 4 சதவீதம் குறையும். மேலே சொன்ன 164 நிமிடப் படம் அதில் 157 நிமிடம் சொச்சமாகக் காட்டும், ஒரு சட்டம்கூட வெட்டுப்படாமல். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவான அளவு ஏறிவிடும். கர்னாடக சங்கீதப் பழக்கமுள்ள காதுக்கு இது சட்டென்று பிடிபடும், பாடகர் குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்கும். ப்ளூரேயில் பெரும்பாலும் 24 அப்படியே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பாட்டுக்காகப் படம் சேர்ப்பவர்கள் டிவிடியை விட்டு ப்ளூரேக்குப் போக இது ஒன்றே போதும்.

சட்டத்தின் வடிவம் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் சதுரத்துக்கு நெருங்கிய சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. 1950களின் படம் ஒன்று உங்கள் வீட்டு அகலத் தொலைக்காட்சியை முழுக்க நிரப்புகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இழுத்துப் பரப்பியிருக்கிறார்கள், அப்போது எல்லார் முகமும் தட்டையாக உப்பித் தெரியும். இல்லை, மேலும் கீழுமாக வெட்டியிருக்கிறார்கள், அப்படியானால் படத்தின் கால்வாசி போச்சு. நாட்டியக் காட்சியில் பாதங்கள் தெரியவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம். தலைகீழான குற்றமும் உண்டு: ஸ்கோப் படத்தைப் பழைய தொலைக்காட்சி வடிவத்துக்கு வெட்டிய விசிடிகளில் 43 சதவீதம் காணாமல் போயிருக்கும், வசனம் பேசுகிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்பார். இருபக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும் பழைய படம்தான் சரியான படம் என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், ரிமோட்டில் ஜூம் பொத்தானை அழுத்திவிடப் போகிறார்கள்.

மூன்று படங்கள் ஒரே டிவிடியில் என்று வாங்குவது அநேகமாக வீண். கணக்குப் போட்டாலே தெரியும். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணிநேரப் படம் ஒன்றை அதில் வைத்தால் நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும், அது நல்ல அளவு. மூன்று படங்களை அடைத்தால் 2.5. ஒற்றை அடுக்கில் அடைத்தால் 1.4. மழை, புகை, கூட்டம், விளக்கணைந்த அறை வரும் இடங்களிலெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். இன்னொரு பக்கம், "சுத்தம் செய்த" பதிப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். பிலிமின் துகள்களைக் குறை என்று நினைத்து மென்பொருளால் வழித்து எடுத்துவிட்டால், நடிகர்கள் மெழுகு பொம்மை போல ஆகிவிடுகிறார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் அந்தத் துகள்தான் தோலின் அமைப்பையும் துணியின் நெய்தலையும் தாங்கி நிற்பது.

ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டு. டிவிடியில் நாம் ரீஜன் 5, பிரான்ஸ், பிரிட்டன், தென்னாப்பிரிக்கா மூன்றும் ரீஜன் 2. ப்ளூரேயில் வேறு கணக்கு: ஐரோப்பாவோடு ஆப்பிரிக்கா முழுவதும் ரீஜன் பி, இந்தியா சி, அமெரிக்கா ஏ. ஆக பிரான்ஸிலும் பிரிட்டனிலும் வெளிவரும் ப்ளூரே நம் வீட்டில் தாராளமாக ஓடும். லண்டனின் செகண்ட் ரன் போன்ற சிறிய பதிப்பாளர்கள் ரீஜன் தடையே இல்லாமல் வெளியிடுகிறார்கள். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' அவர்களிடமிருந்து டிவிடியாக வந்தது. சிக்கல் அமெரிக்க டிஸ்க்குகளில்தான். நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா' சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் படமாக்கப்பட்டு 1948இல் வந்தது. நடனத்தை இப்படி யோசித்த படம் நம் பக்கத்தில் அரிது. அதன் சீரமைத்த பிரதி கிரைட்டீரியனின் உலக சினிமாத் தொகுப்பு நான்காம் பெட்டியில், 2022இல், ரீஜன் ஏ ப்ளூரேயாக வந்தது. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் ஓர் எச்சரிக்கை வாசகம்தான் திரையில் வரும்.

இதற்காக மல்டி ரீஜன் பிளேயர் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கடைக்காரரிடம் வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள்: மல்டி ரீஜன் என்பது டிவிடிக்கு மட்டுமா, ப்ளூரேக்குமா? டிவிடியின் பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். ப்ளூரேக்கு அப்படி இல்லை, பெரும்பாலும் உள்ளே பலகை மாற்றிய பிளேயர் வேண்டும். 4கே டிஸ்க்கில் ரீஜன் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூரே பூட்டியிருக்கலாம். கணினி டிரைவில் டிவிடி ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது முறை எதில் நிற்கிறதோ அதிலேயே நிலைத்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் பிளேயர் கொண்டுவந்தால் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் இருந்தால் நம் 230 வோல்டில் செருகிய நொடியே தீர்ந்தது.

சப்டைட்டில் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டும் படிக்கத் தெரிந்த ஊர் இது. ஆங்கிலேயப் பதிப்பு தீர்ந்துபோன பல ஆசியப் படங்கள் பிரெஞ்சுப் பதிப்பாகக் கிடைக்கும். ஒரு குறை, சில பிரெஞ்சு டிஸ்க்குகளில் மூலமொழி ஒலியைத் தேர்ந்தெடுத்தால் பிரெஞ்சு எழுத்தை அணைக்கவே முடியாது. தமிழ் டிவிடிகளில் இருப்பது வேறு குறை: வசனத்துக்கு ஆங்கில எழுத்து வரும், பாட்டு தொடங்கியதும் நின்றுவிடும். பள்ளியில் தமிழ் படித்தும் பாட்டின் வரியைக் காதால் பிடிக்க முடியாத நம் பிள்ளைகளுக்குப் படத்தின் பாதி அங்கேயே கைநழுவுகிறது. பாட்டுக்கும் எழுத்து உண்டா என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

இறக்குமதியில் 15 சதவீத வாட் (VAT) வரியையும் அஞ்சல் செலவையும் சேர்த்தே விலை பாருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது மலிவு.

இனி நம் வானிலை. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, டிஸ்க்குகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. கியூர்ப்பிப்பில் ஈரம் விடாது, போர்ட் லூயிஸில் வெப்பம் விடாது. ஆகவே எட்ட முடிகிற இலக்கை வைத்துக்கொள்வோம்: 25 டிகிரிக்குள், 55 சதவீதத்துக்குள், முக்கியமாக நாளுக்கு நாள் பெரிதாக ஏறி இறங்காமல். மலிவான ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் அலமாரியைச் சாய்க்காதீர்கள், உள்சுவரில் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மேட்டு நிலத்து வீடுகளில் ஐம்பது டிஸ்க் கொள்ளும் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறியதும் அடுப்பு அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி மறுபடி போடலாம். நீல நிறமாக இருப்பதில் கோபால்ட் உண்டு, சமையல் அவனுக்குள் அது வேண்டாம், ஆரஞ்சு நிறமாகப் பார்த்து வாங்குங்கள்.

அட்டைப்பெட்டித் தொகுப்புகள் பார்க்க அழகு, ஆனால் அட்டை ஈரத்தைக் குடித்து டிஸ்க்கின் முகத்திலேயே பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்கை எடுத்துக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் செங்குத்தாக வையுங்கள், அட்டையையும் கையேட்டையும் தனியாக வையுங்கள். பூஞ்சை டிஸ்க்கைத் தின்னும் என்றால் சிலர் நம்புவதில்லை. 2001இல் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த சிடி ஒன்றில் பூஞ்சை உலோகப் படலத்தையே அரித்திருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுவும் நம்மைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்தான்.

ஆண்டுக்கு ஒரு முறை, புயல் காலம் முடிந்த மே மாதக் கடைசியில், ஒவ்வொரு டிஸ்க்கையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி கசிந்தாலோ, ஓரம் காப்பி நிறமாகத் திரும்பினாலோ படலம் கெடுகிறது. படம் நடுவில், அடுக்கு மாறும் இடத்திற்குப் பிறகு மட்டும் உறைந்தால் இரண்டாவது அடுக்கில் கோளாறு. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் பிழைதிருத்தம் செய்ய முடியாது.

விசிடிதான் எல்லாவற்றிலும் பலவீனம். டிவிடியில் உலோகப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. விசிடியில் அது லேபிள் பக்கத்து மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருப்பதால், மேல்பக்கம் ஒரு நகக்கீறல் விழுந்தால் படம் போய்விடும். ஆனாலும் வேறு எந்த நல்ல பதிப்பும் வராத தமிழ்ப் படங்கள் எத்தனையோ விசிடியிலும் வீடியோ கேசட்டிலும் மட்டுமே நம் வீடுகளில் கிடக்கின்றன. இவற்றுக்கு மட்டும் நான் மேலே சொன்ன தராதரம் எதையும் பார்க்காதீர்கள், வெட்டுப்பட்டதானாலும் மங்கியதானாலும் உடனே கணினிக்கு மாற்றுங்கள். விசிடியின் படத் தடம் வேறு அமைப்பு, அதற்கு விசிடியையே படிக்கத் தெரிந்த நிரல் வேண்டும். அடிபட்ட டிவிடிக்கும் டேட்டா டிஸ்க்குக்கும் டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச நிரல் சிறந்தது. முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, படிக்க முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் படிக்கும், அதே பதிவேட்டுக் கோப்பை வைத்துத் தொடரலாம்.

கேசட்டில் சன்னல் வழியே பார்க்கும்போது நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அது பூஞ்சை, கேசட் ஓட்டும் டெக்கில் போடவே கூடாது. தலைப்பகுதி அடைபடும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். தனியாகப் பிரித்து உலர வைத்து, முகமூடி அணிந்து வெளியில் வைத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே ஒளிபரப்பு செகாம் (SECAM) என்ற பிரெஞ்சு வண்ண முறையில் இருந்தது, இந்தியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த கேசட்டுகள் பால் முறை. தொலைக்காட்சியிலிருந்து பதிந்த கேசட்டை பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் வண்ணப் படம் கருப்பு வெள்ளையாக வரும். நிறம் செத்துவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இதனால்தான். நிறம் நாடாவிலேயே இருக்கிறது, அந்த நிறத்தைப் படிக்கும் மேசெகாம் (MESECAM) டெக்கும், செகாம் புரிந்து கணினிக்குப் பதியும் பெட்டியும் வேண்டும். எஸ்-வீடியோ கம்பி வழியாக, 720க்கு 576 அளவில், இழப்பில்லாத வடிவத்தில் பதியுங்கள். மணிக்கு 30 முதல் 35 ஜிபி ஆகும். பதியும்போதே சட்டங்களை இணைத்து மென்மையாக்கும் (டீஇன்டர்லேஸ்) வசதியை அணைத்துவிடுங்கள், அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மூல கேசட்டையும் வீசாதீர்கள், இன்னும் நல்ல டெக் கிடைத்தால் மறுபடி எடுக்கலாம்.

ஓடும் நிலையில் மேசெகாம் டெக் வைத்திருப்பவர்கள் யாராவது ரோஸ்ஹில், வக்வா பக்கம் இருந்தால் சொல்லுங்கள். கேசட் வைத்திருக்கும் வீடுகளோடு சேர்த்துவிட்டால் இந்தக் குளிர்காலத்துக்குள் நிறைய வேலை நடக்கும்.