பாட்டுக்காகப் போனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும்

போன மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறவர் போன் செய்தார். திருநெல்வேலியைப் பற்றி நாட்டுப்புறப் பாட்டு ஒன்று வேண்டுமாம். மூன்று நிமிடம். தாமிரபரணி, நெல்லையப்பர், அல்வா மூன்றும் கட்டாயம் வர வேண்டும், நடுவில் ஒரு குலவைச் சத்தம். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். காசு நல்ல காசுதான். ஆனால் இப்படி எழுதப்படுகிற பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப் போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போர்டைப் படித்துவிட்டு எழுதின மாதிரி இருக்கின்றன. ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

கம்பரைப் பற்றிச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். ஏற்றம் இறைக்கிறவன் "மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே" என்று பாடிவிட்டு, வேலை முடிந்தது என்று இறங்கிப் போய்விட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் கம்பருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவன் வந்து "தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே" என்று பாடிய பிறகுதான் மனசு ஆறினாராம். நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த ஒரு ராத்திரி. அவ்வளவு பெரிய புலவர், அடுத்த அடியை அவன் வாயாலேயே கேட்கக் காத்திருந்தார். நாம் அரை நாள்கூட இருப்பதில்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம், நானே பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனேன். காலை பத்து மணி. பாத்தி பாத்தியாக வெயில் தெறித்தது, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் அது அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. அன்றைக்கே எழுதிவிட்டேன்: "வெள்ளி மலை மின்னுதடி, விடியலிலே ஜொலிக்குதடி." மெட்டும் நன்றாக அமைந்துவிட்டது. சாயங்காலம் அளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் பாடுதீய தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க ஒருநாள் பாத்தா மின்னும். நாங்க நாள் பூரா அதையேதான பாக்கோம். கண்ணு போச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அரிசியில கல்லு பொறுக்கத் தெரியாது" என்றார்.

அந்த அக்காவின் கால்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. கழுவினாலும் போகாதாம். மழைக்காலம் வந்தால் அளம் மூடிக்கிடக்கும், கூலி இருக்காது, அப்போதுதான் கால் ஆறும் என்றார். கால் ஆறுகிற மாதங்களில் அடுப்பு எரியாது. நம் நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது இந்த மண்ணில்தான். அந்தப் பெருமையைத்தான் நான் பாட்டாக்கப் போயிருந்தேன்.

அங்கேயே தங்கினேன். விடியுமுன் அவர்களோடு நடந்தேன். பலகையால் உப்பை வாரி இழுக்கும்போது கை போகிற வேகமும் திரும்புகிற வேகமும் வேறு வேறு. போவது நீளம், வருவது வெட்டு. என் பழைய மெட்டு அந்தக் கைக்கு ஒத்தே வரவில்லை. மூன்றாம் நாள் இப்படி மாறியது:

பாத்தியில விளைஞ்சதெல்லாம்
பார்க்க வெள்ளை தானடி
பார்த்த கண்ணு மங்கிப்போச்சு
பழுது யாரு மேலடி

சொல்லில் வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் அளத்தில் நின்று பாட முடிகிறது.

இன்னொரு சிக்கல், எந்தக் கதையை எடுப்பது என்பது. பாபநாசம் மலையில் காரையாற்றுப் பக்கம் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஜனம் திரளும். அங்கே பட்டவராயன் என்ற தெய்வத்துக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. மாட்டிவிட்டுப் போன செருப்பு அடுத்த வருடம் வந்து பார்த்தால் தேய்ந்திருக்கும், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன்தான் அவர். பிராமணனாகப் பிறந்தவன், அருந்ததியர் குலத்து பொம்மக்கா, திம்மக்காவை விரும்பினான். பெண்களின் அப்பா வாலப்பகடை, குடுமியையும் பூணூலையும் விட்டுவிட்டுச் செருப்புத் தைத்துக் கொண்டு வா என்றார். தைத்துக் கொண்டுவந்தான். பிறகு மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான்.

இதே கதையில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று மாற்றிச் சொல்லும் வடிவமும் உண்டு. பாட்டு எழுதுகிறவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் இருக்கட்டும் என்று மழுப்புவது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பெண்களை மேலே ஏற்றிவிட்டால் அவன் எதற்காகச் செருப்புத் தைத்தான்? கோவிலில் தொங்கும் ஒவ்வொரு ஜோடியும் முதல் கதைக்குத்தான் சாட்சி. திம்மக்கா பாடுவதாக நான் எழுதிக்கொண்டிருக்கும் பாட்டு அந்தச் செருப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது பெயர். இது எனக்கு ஆறாத வருத்தம். 1964இல் நாட்டுப்புற ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த நாட்டுப் பாடல் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குக் கீழே உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று போட்டிருக்கும். டேப் ரிக்கார்டர்கூடச் சுலபமாகக் கிடைக்காத காலத்தில் அந்த அக்கறை இருந்தது. இன்றைக்குக் கையில் இத்தனை வசதி வந்த பிறகு, வீடியோவுக்குக் கீழே "பாரம்பரியம்" என்று ஒரு சொல். ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்த அடி, ஓர் அண்ணன் போட்டுக்கொடுத்த மெட்டு, எல்லாம் அதற்குள் போய்விடுகிறது. இசையமைத்தவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். பணத்தில் பங்கு கொடுப்பது அப்புறம், முதலில் பெயரைப் போடுங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உப்பளப் பாட்டை அந்த அக்கா இப்போது தன் குரலில் பாடியிருக்கிறார். கடைசி அடியை அவராகவே மாற்றிவிட்டார். "பழுது யாரு மேலடி" என்று நான் எழுதியதை "பார்வை யாரு தருவா" என்று பாடுகிறார். என்னுடையதைவிட அது நூறு மடங்கு மேல். பாட்டோடு உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். கங்காணி காதுக்குப் போனால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறார், மகளிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் அந்தப் பாட்டு என் போனிலேயே இருக்கும்.