ராத்திரி அழுதால் பால் பத்தவில்லை என்று அர்த்தமா?

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இன்றோடு 18 நாள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். "ராத்திரியெல்லாம் அழுறானா? பால் பத்தலை. ஒரு பாட்டில் பவுடர் பால் கொடு, அசந்து தூங்குவான்." "சர்க்கரைத் தண்ணி வை." "கிரைப் வாட்டர் ஊத்து." கேட்டுக் கேட்டு அவளுக்குத் தன் உடம்பு மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பாலே போதும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும் என்பதால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. ராத்திரியும் எழத்தான் செய்யும். இரவு பகல் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

எங்கள் வீட்டில் கோளாறு பகலில் இருந்தது. பால் குடிக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே கண் சொருகிவிடுவான். "பாவம், எழுப்பாதே" என்று அம்மா தொட்டிலில் போட்டுவிடுவார். பகலெல்லாம் அரை வயிறு, ராத்திரி மணிக்கொரு தடவை அழுகை. போன வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். முதலில் தாடை நன்றாக அசைகிறது, விழுங்குகிற சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்று உதடு மட்டும் துடிக்கிறது. அப்போது பால் உள்ளே போவதில்லை, சப்பிக்கொண்டே தூங்குகிறான். போர்த்திய துணியை விலக்கி, உள்ளங்காலை வருடிவிட்டு, தங்கை தன் மார்பை மெதுவாக அழுத்திக் கொடுத்தால் மறுபடி விழுங்குகிறான். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்றுகிறோம். கடைசியில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். நடுவில் தோளில் போட்டு ஏப்பம். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிவிடுகிறோம். ராத்திரி மங்கலான வெளிச்சம், பேச்சுக் கிடையாது. முந்தாநாள் ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரம் தூங்கினான்! (பிறந்த எடைக்கு இன்னும் திரும்பாத குழந்தையை ராத்திரியிலும் எழுப்பித்தான் ஆக வேண்டும்.)

பால் போதுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பாருங்கள். எங்கள் பிள்ளை 12ஆம் நாளே திரும்பிவிட்டான். அப்புறம் எதற்குப் பவுடர் டப்பா? பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். அந்த நேரத்தில் பாட்டிலைக் கொடுத்தால் இருக்கிற பாலும் குறையும். தண்ணீரும் ஆறு மாதம் வரை வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பால் பத்துதா என்று அவளிடம் கேட்காதீர்கள். முடிந்தால் மதியம் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், அவள் கொஞ்சம் தூங்கட்டும்.