நடைவழியை எடுத்துவிட்டால் அந்த இடம் முழுக்க மிச்சமா?

"வீட்டு பிளானில் நடைவழி வைப்பது வீண், அதை எடுத்துவிட்டு எல்லா அறைக் கதவுகளையும் ஹாலிலேயே திறக்க வையுங்கள், அவ்வளவு சதுர அடியும் லாபம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு.

நடைவழியைத்தான் அழிக்க முடியும், நடப்பதை அழிக்க முடியாதே. 3 அடி அகலம், 10 அடி நீளம் என்றால் நடைவழி 30 சதுர அடி. அதை நீக்கி, 12க்கு 14 அடி ஹாலின் ஒரு கோடியில் வாசலும் மறுகோடியில் படுக்கையறைக் கதவும் வைத்தால், நடுவே 3 அடிப் பாதை 14 அடி நீளத்துக்கு ஓடும், அதாவது 42 சதுர அடியில் நீங்கள் ஒரு நாற்காலிகூடப் போட முடியாது. அப்புறம் கதவுகள். இரண்டரை அடிக் கதவு ஒன்று திறந்து மூடவே சுமார் 5 சதுர அடி கேட்கும், போதாததற்கு சுவரையும் துண்டு துண்டாக்கிவிடும், சோபாவை ஒட்டிப்போட முழுச் சுவர் மிஞ்சாது. குளியலறைக் கதவும் ஹாலைப் பார்த்தபடி இருந்தால் விருந்தாளி இருக்கும்போது சங்கடம்தான்.

நீளமான, இருட்டான நடைவழி வீண் என்பது சரி. மூன்று கதவுகளைச் சேர்க்கும் குட்டி நடைவழி அப்படி இல்லை. பிளானில் கட்டில், மேசை எல்லாவற்றையும் அளவுப்படி வரைந்து, கதவுக்குக் கதவு பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள், எந்தக் கோடு கட்டிலில் முட்டுகிறது என்று உடனே தெரியும்.